மழைக்குச் சாட்சி யார்?

(யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற வாலிபர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



நீண்டகாலச் சூழற்றொகுதி ஆய்வு பற்றி இன்று நாம் பேசப் போகின்றோம் என்று துண்டுப் பிரசுரத்திலே கண்டவர்களிற் சிலர், அரசியற் கூட்டத்திலே இதற்கென்ன வேலை என்று வினவியதாக அறிந்தோம். வினாவிற் குற்றமில்லை. காடும் குளமும் மண்ணும் மழையும், அவற்றை அண்டி வாழும் உயிர்களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் அமைப்பையே சூழற்றொகுதி என்கின்றனர். ஒரே இடத்திலே, ஒரே முறையிலே, ஆண்டுக்கணக்காக அதனை அளந்து எழுதி வைப்பதே இவ்வாய்வு. விஞ்ஞானிகள் அதனைத் தங்கள் மொழியிலே விளக்குவார்கள். நாமோ சட்டம் பயின்றவர்கள்; ஆதலால் எமக்குப் பழக்கமான வாசல் வழியாகவே இவ்வீட்டினுள் நுழைகின்றோம். அவ்வாசலின் பெயர் சாட்சியம்.

யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களிலே வேலி வழக்குப் பேசாத நியாயவாதி எவரேனும் உளரோ? ஒரு முழ நிலத்துக்காக உடன்பிறந்தார் இருவர் இருபது ஆண்டுகள் வழக்காடுவர். இரு பக்கத்துக்கும் சாட்சி சொல்ல ஊரிலே ஆட்களுக்குப் பஞ்சமிராது. இறுதியிலே வழக்கை முடிப்பது எது? உறுதி, அதற்கு முந்திய உறுதி, அதற்கும் அப்பால் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு. தோம்பின் வலிமை எங்கிருந்து வருகின்றது? வழக்கு எழுவதற்கு முன்னரே, இவ்வழக்கைக் கனவிலும் எண்ணாத ஒருவரால் எழுதப்பட்டமையே அதன் வலிமை. தகராறு தொடங்கிய பின்னர் எழுதிய ஏட்டை நீதிபதி ஐயக் கண்கொண்டே நோக்குவார்.

காணிக்குத் தோம்பு உண்டு. காட்டுக்கு உண்டா? கிணற்று நீருக்கு உண்டா? மழைக்கு உண்டா?

இக்கேள்வி வேடிக்கையானதன்று. இது சர்வதேச நடுவர் மன்றிலே எழுந்த கேள்வி. கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலே, அமெரிக்க எல்லைக்குச் சில மைல் வடக்கே, திரெயில் என்றொரு பட்டினம் உண்டு. அங்கே ஈயமும் நாகமும் உருக்கும் ஆலையொன்று கந்தகப் புகையைக் கக்கியது. புகை ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே தெற்கே சென்று, வாஷிங்டன் மாநிலத்துக் கமக்காரரின் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. இரு நாடுகளும் நடுவர் மன்றம் அமைத்தன. 1938இல் 78,000 டொலர் நட்டஈடு விதிக்கப்பட்டது. 1941இல் வந்த இறுதித் தீர்ப்பை இன்றும் சட்ட மாணவர் யாவரும் படிக்கின்றனர்: தன் மண்ணிலிருந்து எழும் புகையினால் அயல்நாட்டுக்குக் கேடு செய்ய எந்த அரசுக்கும் உரிமையில்லை. சிறிய நாடுகளுக்கெல்லாம் ஆறுதலளிக்கும் தீர்ப்புத்தான். ஆனால் அதன் வாலிலே ஒரு நிபந்தனை தொங்குகின்றது. கேடு பாரதூரமானதாயிருத்தல் வேண்டும். அது தெளிவான, மனத்தை இணங்கச் செய்யும் சாட்சியத்தால் நிலைநாட்டப்படல் வேண்டும். அந்த நிபந்தனையிலே அமெரிக்கக் கோரிக்கைகளிற் பல சறுக்கி விழுந்தன. போதிய நிரூபணமில்லை என்று நடுவர்கள் அவற்றைத் தள்ளினர். அது மட்டுமன்று. புகையையும் காற்றையும் தொடர்ந்து அளக்குங் கருவிகளை வைத்தே ஆலை நடத்தப்படல் வேண்டும் என்றும் அம்மன்று கட்டளையிட்டது. அளவீடின்றி நீதியில்லை என்பதை நடுவர்களே உணர்ந்துகொண்டனர்.

திரெயிலிலே ஆலை ஒன்று. அதன் புகைபோக்கி கண்ணுக்குத் தெரிந்தது. புகைபோக்கியே கண்ணுக்குத் தெரியாத வழக்கை யார் நிரூபிப்பது?

அமெரிக்காவின் வடகிழக்கிலே நியூ ஹாம்ப்ஷயர் மலைகளின் நடுவே ஹபேட் புறூக் என்றொரு காடு இருக்கின்றது. 1955இல் வனச் சேவையினர் அதனை நீராய்வுக்கென ஒதுக்கினர். 1963இல் போர்மன், லைக்கன்ஸ், ஜோன்சன், பியர்ஸ் என்னும் நால்வர் அங்கே ஒரு கணக்கைத் தொடங்கினர். அவ்விடத்துப் பாறை நீரைக் கீழே கசியவிடாத பாறை. ஆகவே ஒரு சிறு பள்ளத்தாக்கினுள் வரும் நீரெல்லாம் மழையாகவும் பனியாகவுமே வரும். ஆவியாய்ப் போனது போக மிகுதியெல்லாம் ஓடைவழியே வெளியேறும். ஓடையின் வாயிலே தடுப்பணை கட்டி நீரை அளந்தார்கள். வாரந்தோறும் மழையிலும் ஓடையிலும் மாதிரி எடுத்து, அவற்றினுள்ளே சுண்ணம் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, நைதரசன் எவ்வளவு என்று எழுதினார்கள். கடைக்காரன் வரவு செலவுப் புத்தகம் எழுதுவதுபோல ஒரு காட்டுக்கே கணக்கெழுதினர் என்று கொள்ளுங்கள்.

முதல் ஆண்டிலேயே அவர்கள் திடுக்கிட்டனர். ஆலைகளேதும் அருகிலில்லாத அக்காட்டிலே பெய்த மழை, இயல்பான மழையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு அமிலங் கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால், மேற்கே, நிலக்கரி எரித்த மின்நிலையங்களின் கந்தகமே மழையாய் இறங்கியது. ஆனால் இதை ஒருநாள் மழையை வைத்துச் சொல்ல முடியுமா? எதிர்த்தரப்பு நியாயவாதி எழுந்து, “அன்று அப்படிப் பெய்தது, நேற்று எப்படிப் பெய்தது? பத்தாண்டுக்கு முன் எப்படிப் பெய்தது?” என்று கேட்டால் சாட்சி என்ன செய்வார்? லைக்கன்ஸ் பிற்காலத்திலே இதைத் தாமே கணித்துப் பார்த்தார். மழையின் அமிலம் எத்திசையிற் செல்கின்றது என்பதை ஐயத்துக்கிடமின்றிச் சொல்ல அவருக்குப் பதினெட்டு ஆண்டுத் தொடர் அளவீடு வேண்டியிருந்தது! நாலைந்து ஆண்டுக் கணக்கை மட்டும் எடுத்தால், எந்த நாலைந்து ஆண்டு என்பதைப் பொறுத்து, அமிலம் கூடுகின்றது என்றும் சொல்லலாம், குறைகின்றது என்றும் சொல்லலாம். மூன்றாண்டு ஆய்வொன்றைக் காட்டி “ஆபத்தேதுமில்லை” என்று சான்றிதழ் எழுதுவோர் எந்நாட்டிலும் உளர் என்பதை நினைக்கும்போது, இந்தப் பதினெட்டு என்னும் எண்ணை நாம் மனனஞ் செய்துகொள்ளுதல் நன்று.

1974இல் அவர்கள் இதை உலகறிய எழுதினர். மின் நிறுவனங்களும் நிலக்கரி மாநிலங்களின் பிரதிநிதிகளும் ஆண்டுக்கணக்காய் மறுத்து நின்றனர். 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் சுத்தக் காற்றுச் சட்டத்தைத் திருத்தி, கந்தக வெளியேற்றத்தை 1980ஆம் ஆண்டு அளவிலிருந்து ஒரு கோடி தொன் குறைக்கக் கட்டளையிட்டது. சட்டம் பலித்ததா என்பதையும் அதே காடுதான் சொல்லிற்று: மழையின் அமிலம் ஆண்டுக்காண்டு இறங்கியது. ஆயின் கணக்குப் புத்தகத்திலே இன்னொரு பக்கமும் இருந்தது. பல பத்தாண்டு அமில மழை மண்ணின் கல்சியத்தைக் கரைத்துச் சென்றுவிட்டது. மழை திருந்திய பின்னும் காடு உடனே தேறவில்லை. 1999இல் ஒரு பள்ளத்தாக்கிலே ஹெலிகொப்ரர் மூலம் கல்சியக் கனிமத்தைத் தூவிப் பார்த்தனர். அவ்விடத்து மரங்கள் தேறின. குற்றம் எது என்பது மட்டுமன்றிப் பரிகாரம் எது என்பதையும் அவ்வேடே கூறிற்று.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். அரசியல் பயில்வோர் கூர்ந்து நோக்கவேண்டிய பகுதி இதுதான்.

1940களின் பிற்பகுதியிலே சுவீடன் நாட்டு விவசாய விஞ்ஞானி எக்னர் என்பவர், மழையோடு பயிருக்கு எவ்வளவு உரம் இறங்குகின்றது என்று அறிய, நாடெங்கும் மழைநீர் சேர்க்கும் நிலையங்களை அமைத்தார். அடுத்த பத்தாண்டிலே அந்நிலையங்கள் மேற்கு ஐரோப்பாவிலும் பரவின. உரம் பற்றிய ஆய்வு அது. வேறெந்த எண்ணமும் அவருக்கு இருக்கவில்லை. ஏரிகளில் மீன் செத்துக்கொண்டிருந்த 1967ஆம் ஆண்டிலே, ஒடேன் என்னும் மண்ணியல் அறிஞர் அப்பழைய கணக்குகளை விரித்து, அமிலம் தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து, பிரித்தானியாவிலும் நடு ஐரோப்பாவிலுமிருந்து, எல்லை கடந்து வருகின்றதென்று நாளேடொன்றிலே எழுதினார். வழக்கை எண்ணாத ஒருவர் எழுதிய தோம்பு என்று முன்னர்க் கூறினோமே, அதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேறேது?

சுவீடனும் நோர்வேயும் சனத்தொகையிற் சிறிய நாடுகள். எதிரே நின்றவை பென்னம்பெரிய கைத்தொழில் நாடுகள். 1972இல் ஸ்ரொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியபோது சுவீடன் தன் வழக்கை முன்வைத்தது. பெரிய நாடுகள் தலையசைத்துவிட்டுப் போயின. சிறிய நாடு படையையோ பணப் பலத்தையோ காட்டவில்லை. அதனிடம் இருந்தது நிலையங்களின் கணக்கு. அதனையே பிடித்துக்கொண்டு அவை விடாது நின்றன. 1979இல் ஜெனீவாவிலே, எல்லை கடக்கும் வளிமாசு பற்றிய உடன்படிக்கையிலே, மேற்கும் கிழக்குமாய்ப் பிளவுண்டு கிடந்த ஐரோப்பாவின் இரு பாதிகளும், வட அமெரிக்காவும் ஒருங்கே கையொப்பமிட்டன.

அவ்வுடன்படிக்கையின்கீழ் முதன்முதலாக எழுந்த துணை ஒப்பந்தம் எது தெரியுமா? கந்தகத்தைக் குறைக்கும் ஒப்பந்தமன்று. அளவீட்டு நிலையங்களுக்கு எந்த நாடு எவ்வளவு பணங் கொடுக்கவேண்டும் என்பதை நிர்ணயித்த 1984ஆம் ஆண்டு ஒப்பந்தமே முதலாவது. அதன் பின்னர்தான், 1985இல் ஹெல்சிங்கியிலே, கந்தகத்தை முப்பது வீதம் குறைக்கும் ஒப்பந்தம் வந்தது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் அதிலே கையொப்பமிட மறுத்தன. ஆயினும் அளவீட்டுக்கு நிதி தருவதாகப் பிரித்தானியா முன்னரே கட்டுப்பட்டிருந்தது. கடனை ஒப்புக்கொள்ளாதவனையும் கணக்கெழுதுவதற்கு ஒப்புக்கொள்ளச் செய்துவிட்டால், கடன் தானே வெளிப்படும். பிற்காலத்திலே பிரித்தானியாவும் இறங்கி வந்தது. 1980ஆம் ஆண்டோடு ஒப்பிடுகையில் ஐரோப்பாவின் கந்தக வெளியேற்றம் இன்று ஐந்தில் நான்கு பங்குக்குமேல் வீழ்ந்துள்ளது.

நண்பர்களே, நீண்டகால ஆய்வின் உயிர் விஞ்ஞானியின் மூளையிலே மட்டும் இல்லை. மூளையுள்ளவர் எக்காலத்தும் பிறப்பர். நாளையும் தொடர்ந்து அளக்கவேண்டுமென்று யார் யாரைக் கட்டுப்படுத்தியுள்ளார் என்பதிலேதான் அதன் உயிர் தங்கியிருக்கின்றது. இதை விளக்க இரு வரலாறுகள் போதும்.

இங்கிலாந்திலே றொதாம்ஸ்ரெட் என்னுமிடத்திலே, லோஸ் என்பவர், கில்பேட் என்னும் இரசாயன அறிஞரோடு சேர்ந்து, 1843இல் கோதுமை வயலொன்றிலே பரிசோதனை தொடங்கினார். 1856இல் புல்வெளியொன்றிலும் தொடங்கினார். லோஸ் உரம் செய்து விற்ற வியாபாரி. ஆயினும் அவருடைய புல்வெளியே உரத்தின் மறுபக்கத்தையும் காட்டிற்று: உரமிடாத துண்டுகளிலே நாற்பது வரையிலான புல் பூண்டு இனங்கள் செழித்திருக்க, நைதரசன் உரம் மிகுதியாய் இட்ட சில துண்டுகளிலே இரண்டு மூன்று இனங்களே எஞ்சின. இவ்வளவுக்கும் லோஸ் மறைந்து நூற்றாண்டுக்கு மேலாகியும் அவ்வயல்கள் இன்றும் அளக்கப்படுகின்றன. காரணம், 1889இல் அவர் ஓர் இலட்சம் பவுண் வைத்து நம்பிக்கைப் பொறுப்பொன்றை எழுதி வைத்தார். மண்ணும் வைக்கோலும் தானியமும் அடைத்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மாதிரிகள் அங்கே அடுக்கியிருக்கின்றன. அணுகுண்டுப் பரிசோதனைகளின் தூசு எந்த ஆண்டு பயிரிலே படிந்தது என்பதைப் பிற்காலத்தவர் அவற்றிலிருந்தே கண்டனர். அப்போத்தல்களை மூடி வைத்தவர்கள் அணுகுண்டை அறிவார்களா?

மற்ற வரலாறு ஹவாய்த் தீவிலே, மௌனா லோவா எரிமலையின் சரிவிலே. 1958 மார்ச்சு மாதத்தில் கீலிங் என்பவர் அங்கே காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அன்று பத்து இலட்சத்துக்கு 313 அளவில் இருந்த பங்கு இன்று 420ஐக் கடந்துவிட்டது. வட கோளத்துக் காடுகள் கோடையில் வாயுவை உள்ளிழுத்து மாரியில் வெளிவிடுவதுகூட அக்கோட்டிலே மூச்சுப்போல ஏறி இறங்குகின்றது. இவ்வளவு பெரிய சாட்சியம் எப்படி நடந்தது? ஆண்டுதோறும் பணத்துக்குக் கையேந்தி நடந்தது! 1964 இளவேனிலிலே நிதி வெட்டினால் சில மாத அளவீடு நின்றது. அந்த இடைவெளியை எக்காலத்தும் எவராலும் நிரப்ப முடியாது. இது வெறும் வழமை வேலை, ஆராய்ச்சியன்று என்ற வாதத்தையும் கீலிங் பின்னர் எதிர்கொள்ள நேர்ந்தது. 2025இல் அமெரிக்க அரசாங்கம் முன்வைத்த வரவு செலவுப் பிரேரணையிலும் அந்நிலையத்தின் நிதிக்குக் கத்தி நீட்டப்பட்டது. உலகிலேயே செல்வம் மிக்க நாட்டின் நிலை இதுவாயின், வறிய நாடுகளின் பதிவேடுகளுக்கு என்ன காப்பு?

ஒரு காப்பு, பலர் சேர்ந்து ஏடு எழுதுவது. ஓரிடத்தில் மட்டும் வைத்த ஏடுகள் என்னாகும் என்பதை 1981இல் யாழ்ப்பாணம் அறிந்தது. அதை நாம் விரிக்க வேண்டியதில்லை. அமெரிக்கா 1980இல் தன் நாட்டு ஆய்விடங்களை ஒரு வலையமைப்பாக்கியது. 1993இல் அது பிற நாடுகளையும் சேர்த்துச் சர்வதேச வலையமைப்பாயிற்று. ஏறத்தாழ நாற்பது நாடுகளின் ஆய்விடங்கள் இன்று அதிலே உள. வெப்பவலயக் காடுகளுக்கு இன்னொரு வலையமைப்பு உண்டு. பனாமாக் கால்வாய்க்கென ஆற்றை மறித்த ஏரியின் நடுவே உள்ள பறோ கொலராடோத் தீவிலே, 1980இல் ஹபெல், பொஸ்ரர் என்னும் இருவர் 50 ஹெக்டேயர் காட்டை அளந்து, நெஞ்சுயரத்தில் ஒரு சென்ரிமீற்றர் பருமனுள்ள கன்று தொட்டு ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு கட்டினர். ஐந்தாண்டுக்கொரு முறை கணக்கெடுப்பு. முதற் கணக்கு முடியுந் தறுவாயில் 1983ஆம் ஆண்டுக் கொடும் வரட்சி வந்தது. எம்மரம் செத்தது, எம்மரம் தப்பியது என்று பெயர் சொல்லிக் கூறத்தக்க ஏடு கையிலிருந்தது. ஒரு கிழமை ஊரிலிருந்து விலகியிருந்தவன் வீட்டுக் கணக்கையே மறந்துவிடுகிறான். இங்கே இரண்டு இலட்சம் மரத்துக்குக் கணக்கு!

அதே முறையிலே தமிழகத்து முதுமலைக் காட்டில், 1988 முதல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 50 ஹெக்டேயரை அளந்து வருகின்றனர். யானை முறித்த மரமும் தீயில் எரிந்த மரமும் அவ்வேட்டில் உண்டு. எமது தீவிலும் உண்டு. தென்மேற்கிலே சிங்கராஜ வனத்தை 1970களில் ஒட்டுப்பலகைக்காக வெட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பி 1977இல் வெட்டு நின்றது. 1988இல் அது உலக மரபுரிமையாயிற்று. 1990களிலே பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான குணதிலக்க தம்பதியர் அங்கே 25 ஹெக்டேயரை வரைந்து, இரண்டு இலட்சம் அளவிலான மரங்களுக்குத் தகடு கட்டுவித்தனர். பனாமாவிலும் சிங்கராஜத்திலும் ஒரே உயரத்தில், ஒரே அளவுகோலில் மரம் அளக்கப்படுவதாலேதான் ஒரு காட்டின் சாட்சியத்தை இன்னொரு காட்டின் சாட்சியத்தோடு ஒப்பிட முடிகின்றது. ஆயினும் ஒன்று சொல்வோம்: எமது காட்டின் கணக்கு வெளிநாட்டு நூதனசாலையில் மட்டும் துலங்கி, எமது மாணவன் கைக்கு எட்டாதிருக்குமாயின் அது வலையமைப்பன்று, வலை. கணக்கின் மூலப் பிரதி காடு இருக்கும் நாட்டிலேயே இருத்தல் வேண்டும்.

வயிற்றுக்கில்லாதவனுக்கு மரத் தகடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். சுன்னாகத்துக் கிணறுகளிலே எண்ணெய் கலந்த வழக்கு உங்களுக்குத் தெரியும். 2019 ஏப்ரிலிலே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தவேண்டுமென்று கட்டளையிட்டது. பொதுநல வழக்குகளின் வரலாற்றில் அது பொறிக்கத்தக்க தீர்ப்பு. ஆனால் தீர்ப்பு வரும்வரை நாட்டிலே என்ன நிகழ்ந்தது? எண்ணெய் உண்டு என்றோர் அறிக்கை. ஆபத்தில்லை என்றோர் அறிக்கை. குழந்தைக்குப் பாற்கரைக்கத் தண்ணீர் அள்ளிய தாய் எந்த அறிக்கையை நம்புவாள்? அவளுடைய கிணற்றின் இருபதாண்டுத் தண்ணீர்க் கணக்கு, மாதாமாதம் எழுதியது, அயலூர்க் கணக்கோடு ஒப்பிடத்தக்கது, ஒன்று இருந்திருப்பின் அவள் இருளிலே நின்றிருக்க மாட்டாள். குடாநாட்டின் நீர் சுண்ணக் கற்பாறையினுள்ளே தங்கும் மழைநீர். தோட்டத்து உரத்தின் நைத்திரேற்று அதனுள் இறங்குவதும், மிகையாய் இறைத்தால் உவர் ஏறுவதும் கமக்காரருக்குத் தெரியாதவையல்ல. எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து, எவ்விடத்தில் என்று கேட்டால்தான் வாய் அடைத்துப் போகின்றது.

ஆகவே இக்கூட்டத்தின் முன் ஒரு பிரேரணை வைக்கின்றோம். குடாநாட்டின் ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள்ளே ஐந்து கிணறுகளைத் தெரிந்து, மாதத்துக்கொரு முறை, ஒரே நாளில், ஒரே முறையில், நீர்மட்டத்தையும் உவரையும் நைத்திரேற்றையும் அளந்தெழுதுதல் வேண்டும். ஆண்டுக்கொரு பிரேரணையாக அன்றி, உபவிதியாகவே அது நிறைவேற்றப்படல் வேண்டும்; அடுத்த தேர்தலில் வேறு கட்சி வந்தால் ஏடு மூடப்படும் நிலை ஆகாது. நம்பிக்கைப் பொறுப்பு உறுதியொன்றின்கீழ் அதற்குத் தனி நிதி வைத்தல் வேண்டும். வெளிநாடுகளில் வாழும் எம்மவர் கோயிற் கோபுரத்துக்குத் தருவதிலே ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். பிரதி ஒன்று சபையிலும், ஒன்று பல்கலைக்கழகத்திலும், ஒன்று ஊர்ப் பாடசாலையிலும் இருக்கட்டும். அளக்கும் முறை எமக்கென்று நாம் புதிதாய் வகுத்ததாய் இராமல், பிற நாட்டு ஆய்விடங்களில் வழங்குவதாகவே இருக்கட்டும். அப்போதுதான் எமது ஏடு எந்த மன்றிலும் செல்லும்.

பிரேரணையின் நகல் வாசலிலே மேசைமேல் இருக்கின்றது. உங்கள் ஊரில் எக்கிணறுகளைத் தெரியலாம், உரிமையாளரின் சம்மதம் உண்டா, அளந்தெழுத இரண்டு வாலிபர்கள் கிடைப்பார்களா என்பவற்றை அதிலே குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம். நீர் மிகத் தாழ்ந்திருக்கும் புரட்டாதியிலே, மாரி விழுமுன், முதல் அளவை எடுக்க எண்ணியுள்ளோம்.